சிரித்துக்கொண்டே சொன்ன சாட்சியம்

மூன்றாவது பிரசவத்துக்காக ஒரு பெண் மருத்துவமனைக்குப் போகிறார். சேர்க்கைப் பிரிவில் இருக்கும் எழுத்தர் படிவத்தை நிரப்பத் தொடங்குகிறார். பெயர், வயது, பிறகு தொழில். எழுத்தாளர் என்கிறார் அந்தப் பெண். இல்லத்தரசி என்றே போட்டுக்கொள்கிறேன் என்கிறார் எழுத்தர். இவர் மறுபடியும் எழுத்தாளர் என்கிறார். அவர் இல்லத்தரசியை விடுவதாக இல்லை.

ஷெர்லி ஜாக்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1953இல் வெளியிட்ட 'லைஃப் அமங் த சாவேஜஸ்' புத்தகத்தில் வரும் காட்சி இது. காட்டுமிராண்டிகளுக்கு நடுவே வாழ்க்கை என்று பொருள்படும் தலைப்பு. காட்டுமிராண்டிகள் அவர் பெற்ற பிள்ளைகள். அவருடைய மூன்றாவது குழந்தை 1948 அக்டோபரில் பிறந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம்தான் அவருடைய 'த லாட்டரி' சிறுகதை 'நியூயார்க்கர்' இதழில் வந்து, கோபமும் குழப்பமுமாக முந்நூறுக்கும் மேற்பட்ட கடிதங்களைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. நாடே பேசிக்கொண்டிருந்த கதையை எழுதியவர் பிரசவ வலியோடு வந்தபோது, படிவத்தில் அவருக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது.

வாசிக்கிறவர் முதலில் சிரிப்பார். ஜாக்சன் அதை அப்படித்தான் எழுதியிருக்கிறார். சிரித்து ஓய்ந்த பிறகு அந்தப் படிவம் மட்டும் மனத்தில் தங்கிவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் இப்படி எழுதிய பெண்கள் ஒரு தலைமுறையே இருந்தார்கள். இலக்கிய விமர்சகர்கள் அவர்களைப் பொழுதுபோக்கு எழுத்தாளர்கள் என்று ஒதுக்கினார்கள். பெண்ணியர்களில் சிலர் அவர்களைக் கடுமையாகக் குற்றம்சாட்டினார்கள். அந்த எழுத்துகளையும், அவை பிறந்த காலத்தைப் பற்றிய ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது எனக்கு வேறொன்று தோன்றுகிறது. தாயின் உழைப்பைப் பெரும்பாலான அரசுகளும் பொருளாதார அறிஞர்களும் கணக்கில் எடுக்காத காலத்தில், அதைப் பொருள் பொருளாக, நேரம் நேரமாக எழுதிவைத்தவர்கள் இந்த நகைச்சுவைக்காரிகள்தான். நகைச்சுவை என்பதால் பத்திரிகைகள் அதை அச்சிட்டன. புலம்பலாக எழுதியிருந்தால் வெளியே வந்திருக்காது.

அந்தச் சிரிப்பு பிறந்த வீடுகளைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். போரிலிருந்து திரும்பிய ஆண்களுக்கு அரசின் உத்தரவாதத்தோடு வீட்டுக்கடன் கிடைத்தது. நியூயார்க் அருகே லெவிட்டவுனில் 1947 முதல் ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்பின. நாடெங்கும் அதைப் போலப் புறநகர்கள் பரவின. 1957ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் ஏறத்தாழ 43 லட்சம் குழந்தைகள் பிறந்தன. பாட்டியும் அத்தையும் சித்தியும் பழைய ஊரிலேயே தங்கிவிட்டார்கள். கணவன் காலையில் நகரத்துக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். நான்கு சுவருக்குள் ஒரு பெண்ணும், மூன்று நான்கு பிள்ளைகளும், தவணையில் வாங்கிய சலவை இயந்திரமும் மிச்சம்.

இயந்திரம் வந்துவிட்டதே, வேலை குறைந்திருக்குமே என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஜோன் வேனெக் என்ற சமூகவியலாளர் 1974இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதிய கட்டுரை அந்த நினைப்பைக் கலைத்தது. வெளியே வேலைக்குப் போகாத அமெரிக்கப் பெண் 1924இல் வாரத்துக்கு 52 மணி நேரம் வீட்டுவேலை செய்தார். மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் குளிர்பதனப் பெட்டியும் வந்துவிட்ட 1960களில் அது 55 மணி நேரம்.

எப்படி என்பதை விளக்கியவர் வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன். 1983இல் வெளிவந்த அவருடைய 'மோர் வொர்க் ஃபார் மதர்' புத்தகம் இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஒன்று. அடுப்பு விறகில் எரிந்த காலத்தில் விறகு பிளப்பது ஆணின் வேலை. தண்ணீர் சுமப்பதில் பிள்ளைகளுக்கும் பங்கு இருந்தது. எரிவாயுவும் குழாயும் வந்ததும் ஆணின் வேலையும் பிள்ளைகளின் வேலையும் ஒழிந்தன, சமைப்பது ஒழியவில்லை. முன்பு நடுத்தர வர்க்க வீட்டின் அழுக்குத் துணி சலவைக்கு வெளியே போகும். இயந்திரம் வந்ததும் அது வீட்டுக்கே திரும்பிவிட்டது. வாரத்துக்கு இரண்டு சட்டை போட்டவர் தினம் ஒன்று போடத் தொடங்கினார். பாலும் காய்கறியும் மருந்தும் வாசலுக்கு வந்த காலம் போய், கார் வாங்கியதும் அவற்றையெல்லாம் தேடிப்போய் வாங்கிவருகிற ஓட்டுநர் வேலையும் தாயின் தலையில் ஏறியது. வசதி கூடக்கூட எது போதும் என்ற அளவும் கூடிக்கொண்டே போனது. இதைச் சரிபார்க்க நமக்கு அமெரிக்கா தேவையில்லை. ஆட்டுக்கல் போய் கிரைண்டர் வந்தது. கை வலி போயிற்று, பெரிய விடுதலைதான். ஆனால் காலைப் பலகாரத்துக்கு ஒரு சட்னி போதும் என்றிருந்த வீடுகளில் இப்போது இரண்டு சட்னி, பள்ளிக்கு ஒரு டப்பா, இடைவேளைக்கு இன்னொரு டப்பா, அதில் நேற்று வைத்தது இன்று வரக்கூடாது.

வேலை ஒரு பக்கம். அதைவிடக் கனமானது குற்றச்சாட்டு. நடத்தையியல் அறிஞர் ஜான் வாட்சன் 1928இல் எழுதிய குழந்தை வளர்ப்பு நூலில், பிள்ளைகளைக் கட்டியணைத்து முத்தமிடாதீர்கள், காலையில் கைகுலுக்கினால் போதும் என்று தாய்மாருக்கு அறிவுரை சொன்னார். அளவுக்கு மீறிய தாயன்பு ஒரு நாட்டின் ஆண்களையே கெடுத்துவிட்டது என்று 1942இல் ஃபிலிப் வைலி ஒரு புத்தகம் எழுதினார். அது பரபரப்பாக விற்றது. அடுத்த சில ஆண்டுகளில் குற்றச்சாட்டு அப்படியே தலைகீழானது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோரிடம் பாசத்தின் கதகதப்பு இல்லை என்று 1949இல் மனநல மருத்துவர் லியோ கானர் எழுத, புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் அதை ஒரு முழு நூலாகவே விரித்தார். பிற்கால ஆய்வுகள் அந்தக் கருத்தை முற்றாகத் தள்ளிவிட்டன. அதற்குள் எத்தனையோ தாய்மார் தம் பிள்ளையின் நிலைக்குத் தாமே காரணம் என்று நம்பி நொந்துபோனார்கள். அன்பு கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. தீர்ப்பு சொன்னவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

இந்தக் கூச்சலுக்கு நடுவே ஒரு குரல் தனித்துக் கேட்டது. டொனால்ட் வின்னிகாட் லண்டனில் குழந்தைநல மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்தவர். 1940களிலிருந்து பிபிசி வானொலியில் தாய்மாரிடம் பேசினார். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வரவில்லை என்ற தொனியில் பேசினார். குழந்தைக்கு அப்பழுக்கற்ற தாய் தேவையில்லை, போதுமான அளவுக்கு நல்ல தாய் கிடைத்தால் போதும் என்ற கருத்து அவருடையதுதான். 1949இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரையில் துணிச்சலான பட்டியல் ஒன்று இருக்கிறது: தாய் தன் குழந்தையை வெறுப்பதற்கான பதினெட்டுக் காரணங்கள். பிரசவம் உயிருக்கு ஆபத்தானது, பால் குடிக்கும்போது முலைக்காம்பு வலிக்கிறது, வேலைக்காரியைப் போல நடத்துகிறது என்று நீளும் பட்டியல். வெறுப்பு அன்போடு சேர்ந்தே இருக்கும். அதைத் தாங்கிக்கொண்டு குழந்தையைப் பழிவாங்காமல் இருப்பதுதான் தாயின் சாதனை என்பது அவர் வாதம். சான்றாக அவர் காட்டுவது ஒரு தாலாட்டு. கிளை முறிந்து தொட்டிலோடு குழந்தை கீழே விழும் என்று முடிகிற, உலகமறிந்த ஆங்கிலத் தாலாட்டு. குழந்தைக்குப் பொருள் புரியாது என்ற தைரியத்தில் தாய் அதைச் சிரித்த முகத்தோடு பாடிவிடுகிறாள்.

நம் நாட்டார் தாலாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. உன்னை அடித்தது யார் என்று அழுகிற பிள்ளையிடம் விசாரிக்கும் சாக்கில், அத்தை, மாமன், பாட்டி என்று ஒவ்வொரு உறவையும் பெயர் சொல்லி வரிசையில் நிறுத்துகிறாள் தாய். அடித்த ஆயுதம் பூச்செண்டாகத்தான் இருக்கும். பகலில் வாய் திறந்து சொல்ல முடியாததை ராத்திரி தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெட்டில் ஏற்றிப் பாடினால் யார் கேட்க முடியும்? கேலியும் குறையும் கலந்த அந்தப் பாட்டுக்கும் ஜாக்சனின் பக்கங்களுக்கும் இடையே கடல் இருக்கலாம். இரண்டையும் எழுப்பிய தேவை ஒன்றே என்று நம்புகிறேன்.

அமெரிக்கப் புறநகருக்குத் திரும்புவோம். நாடக ஆசிரியர் ஜீன் கெர் ஆறு பிள்ளைகளின் தாய். வீட்டில் உட்கார்ந்து எழுத வழியில்லாமல், காரை எடுத்துக்கொண்டு போய்த் தெருவோரம் நிறுத்தி, அதற்குள்ளேயே எழுதுவார். அவருடைய 'ப்ளீஸ் டோன்ட் ஈட் த டெய்ஸீஸ்' 1957இல் வந்து நன்றாக விற்றது; 1960இல் டோரிஸ் டே நடித்துப் படமாகவும் வந்தது. செய்யக்கூடாதவை எவை என்று பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவைத்த தாய், மேசையில் இருக்கும் பூக்களைத் தின்னக்கூடாது என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார். தலைப்பு அந்த அனுபவத்திலிருந்து வந்தது.

ஆனால் இந்த வகை எழுத்தை ஒவ்வொரு சமையலறைக்கும் கொண்டுசேர்த்தவர் எர்மா பாம்பெக். ஒஹையோ மாநிலத்தில் 1927இல் பிறந்து டேட்டனில் வளர்ந்தவர். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். அம்மா தொழிற்சாலை வேலைக்குப் போனார். பதின்பருவத்திலேயே உள்ளூர்ப் பத்திரிகை அலுவலகத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, பின்பு டேட்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். குழந்தை பிறக்க வாய்ப்பு குறைவு என்று மருத்துவர்கள் சொன்னதால் 1953இல் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். பிறகு இரண்டு மகன்கள் பிறந்தார்கள். சின்னவன் பள்ளிக்குப் போகத் தொடங்கிய சமயத்தில், 1964இல், உள்ளூர் வாரப் பத்திரிகையில் பத்தி எழுதக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு பத்திக்கு 3 டாலர்.

அவர் எழுதிய இடத்தைக் கவனிக்க வேண்டும். புறநகர் வீட்டின் படுக்கையறையில், சிமென்ட் கட்டைகளை அடுக்கி, மேலே ஒரு பலகையைப் போட்டிருந்தார். அதன்மேல் தட்டச்சு இயந்திரம். தனி அறை கிடையாது, தனி நேரமும் கிடையாது. பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும்வரைதான் அவகாசம். எழுதியதும் அந்த அவகாசத்தின் அளவுதான், சில நூறு சொற்கள். சலவை இயந்திரத்தில் தொலைந்துபோன ஒற்றைக் காலுறை, தீராத இஸ்திரித் துணி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போகும் கார் சவாரி, குழந்தை பெற்ற வயிற்றின் தழும்பு. அடுத்த ஆண்டு டேட்டனின் நாளிதழ் ஒன்று வாரத்துக்கு இரண்டு பத்தி கேட்டது. சில வாரங்களிலேயே 36 நாளிதழ்களுக்குப் பத்தி போகத் தொடங்கியது. உச்சத்தில் 900 பத்திரிகைகள், மூன்று கோடி வாசகர்கள். முப்பதாண்டுகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பத்திகள். பெண்கள் அவற்றைக் கத்தரித்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தார்கள். அந்தச் சின்ன வீடு 2015இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னங்கள் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

இனி வழக்குக்கு வருவோம். 1963இல் பெட்டி ஃபிரீடனின் 'த ஃபெமினின் மிஸ்டிக்' வெளியானது. தன்னுடன் கல்லூரியில் படித்த பெண்களிடம் 1957இல் நடத்திய கருத்துக் கணிப்பில் தொடங்கி, படித்த புறநகர்ப் பெண்களை அரித்துக்கொண்டிருந்த பெயரில்லாத துயரத்தை அந்த நூல் வெளியே கொண்டுவந்தது. அதில் ஃபிரீடன் நகைச்சுவைத் தாய்மாரையும் விட்டுவைக்கவில்லை. ஜாக்சன், கெர், கவிஞர் ஃபிலிஸ் மெக்கின்லி மூவரையும் பெயர் சொல்லிச் சாடினார். நீங்கள் எழுதுகிறீர்கள், சம்பாதிக்கிறீர்கள், அந்த வேலையில் மனநிறைவும் அடைகிறீர்கள். அதை மறைத்துவிட்டு நாங்களும் வெறும் இல்லத்தரசிகள்தான் என்று வேஷம் போடுகிறீர்கள். வேறு வழியே இல்லாத பெண்ணைத் தன் நம்பிக்கையின்மையைப் பார்த்துச் சிரிக்கவைத்து அடக்கிவிடுகிறீர்கள் என்பது குற்றச்சாட்டின் சாரம். மெக்கின்லி அடுத்த ஆண்டே இல்லத்தரசி வாழ்வைப் பெருமையோடு ஆதரித்து ஒரு நூல் எழுதிப் பதிலடி கொடுத்தார். அது நன்றாக விற்றது, ஆனால் ஃபிரீடனின் கேள்விக்கு அது விடையாக எனக்குத் தோன்றவில்லை.

ஃபிரீடன் சொன்னதில் உண்மை இருந்தது. ரூத் ஃபிராங்ளின் 2016இல் எழுதிய ஜாக்சனின் வாழ்க்கை வரலாறு அதற்குச் சான்று. குடும்பத்தின் வருமானத்தில் பெரும்பங்கு ஜாக்சனின் எழுத்திலிருந்து வந்தது. பணத்தை நிர்வகித்தவர் கணவர், விமர்சகர் ஸ்டேன்லி எட்கர் ஹைமன். அவருக்கு வேறு பெண்களோடு தொடர்பு இருந்தது. பதற்றமும் மாத்திரைகளும் ஜாக்சனின் வாழ்வில் கூடிக்கொண்டே போயின. ஒரு கட்டத்தில் வீட்டைவிட்டு வெளியே வரவே அஞ்சினார். 1965இல், 48 வயதில் இறந்தார். பத்திரிகைகளில் வந்த கலகலப்பான குடும்பக் கதைகளில் இவற்றுக்கு இடமில்லை. அந்தச் சிரிப்பு மூடிவைத்தது ஏராளம்.

ஆனால் அது காட்டியதும் இருக்கிறது. கணவரின் பிழைகளை மறைத்த அதே பக்கங்களில்தான் குளிர்காலத்துச் சட்டை, மேல்சட்டை, கையுறை, காலணி என்று நான்கு பிள்ளைகளுக்கும் ஒவ்வொன்றாக மாட்டிவிடும் காலை நேரம் அச்சில் ஏறியது. அதுவரை நாவலாசிரியர்கள் அந்த அரைமணி நேரத்தைக் கதைக்குரிய விஷயமாக அதிகம் மதிக்கவில்லை. ஃபிரீடனின் நூலை வாசித்து, எனக்கும் இதே துயரம்தான் என்று அடையாளம் கண்ட பெண்களில் பலருக்கு, தம் நாளைப் பற்றிப் பேசும் மொழி முன்பே பழகியிருந்தது. அந்த மொழி இந்தப் பக்கங்களிலிருந்து வந்தது. இதை ஃபிரீடன் பார்க்கத் தவறிவிட்டார்.

பாம்பெக்கின் பிற்கால வாழ்க்கை இதற்கு மிகத் தெளிவான ஆதாரம். பெண்ணியத்தின் தொடக்கக் கூட்டங்களில் ஒலித்த கண்டிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. இன்றிரவு துவைத்துக் காயப்போட வேண்டிய துணியை அந்த உரைகள் குறைக்கப் போவதில்லை என்ற எரிச்சல் அவருக்கு இருந்தது. அதே பாம்பெக் 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் பெண்கள் ஆலோசனைக் குழுவில் சேர்ந்தார். அரசமைப்புச் சட்டத்தில் ஆண் பெண் சம உரிமையைச் சேர்க்கும் திருத்தத்துக்காக மாநிலம் மாநிலமாகப் போய்ப் பேசினார். இல்லத்தரசிகளைப் பெண்ணியம் கேவலப்படுத்துகிறது என்று எதிரணியின் ஃபிலிஸ் ஷ்லாஃப்லி பிரச்சாரம் செய்துகொண்டிருந்த நேரம் அது. அந்தக் கூட்டங்களுக்கு இல்லத்தரசிகள் நம்பி வந்து கேட்கக்கூடிய ஒரு குரல் தேவைப்பட்டது. பத்தாண்டுகளுக்கு மேல் அவர்களுடைய அழுக்குத் துணியைப் பற்றி அவமானப்படுத்தாமல் எழுதியவரிடம் அந்த நம்பிக்கை இருந்தது. திருத்தத்துக்கு 38 மாநிலங்கள் ஒப்புதல் தர வேண்டியிருந்தது, 35தான் தந்தன. 1982 ஜூன் 30இல் கெடு முடிந்தது. அந்தத் தோல்வி பாம்பெக்கை வெகுவாக வருத்தியது. சிரிப்பு எதிர்ப்பை மழுங்கடிக்கும் என்று சொல்கிறவர்கள் இந்தப் பயணத்தை எங்கே வைப்பார்கள்?

அவர் சிரித்ததற்குச் சோகம் தெரியாதது காரணமில்லை. இளமையிலேயே பரம்பரைச் சிறுநீரக நோய் இருப்பது தெரிந்துவிட்டது. 1992இல் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை நடந்தது. 1989இல் புற்றுநோயிலிருந்து மீண்ட குழந்தைகளிடம் பேசி, அவர்களுடைய வேடிக்கைப் பேச்சுகளை ஒரு நூலாக்கி, வருமானத்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் கொடுத்திருந்தார். 1996 ஏப்ரலில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய மூன்று வாரத்துக்குள் இறந்தார். தம் புகழைக் காட்டிக் காத்திருப்போர் பட்டியலில் முன்னால் போக அவர் சம்மதிக்கவில்லை.

சிரிப்பைப் பற்றிய அறிவியல் என்ன சொல்கிறது? நரம்பியலாளர் ராபர்ட் புரோவைன் கடைவீதியிலும் கல்லூரி வளாகத்திலும் மக்கள் இயல்பாகச் சிரித்த 1,200 தருணங்களைக் குறித்துவைத்து ஆராய்ந்தார். நகைச்சுவை என்று சொல்லத்தக்க பேச்சுக்குப் பின் வந்த சிரிப்பு இருபது சதவீதத்தைக்கூடத் தாண்டவில்லை. தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட, இன்னொருவர் கூட இருக்கையில் முப்பது மடங்கு அதிகம் சிரிக்கிறோம் என்றும் அவர் கண்டார். அப்படியானால் சிரிப்பின் முதல் வேலை உறவு கொண்டாடுவது. தனித்த புறநகர் வீட்டில் அடைபட்டிருந்த பெண்ணுக்குச் செய்தித்தாளின் ஒரு பத்தி ஏன் அவ்வளவு முக்கியமாக இருந்தது என்பது இங்கே விளங்குகிறது.

சென்னையில் ஒரு பள்ளி வாசலில் மாலை மணி அடிக்கக் காத்திருந்த நேரத்தில் கேட்ட பேச்சு இது.

"ராத்திரி ஒன்பதரை மணிக்குச் சொல்றான்க்கா, நாளைக்கு மாறுவேஷப் போட்டியாம். அவன் தென்னை மரமாம்."

"எங்க வீட்ல போன வாரம் தபால் பெட்டி. செவப்பு சார்ட் எல்லாக் கடையிலயும் தீந்துபோச்சு. கடைசியில என் பட்டுப் பாவாடையத்தான் வெட்டினேன்."

"இங்க பச்சைப் புடவை போச்சு. தேங்காய்க்கு என்ன பண்றதுன்னு தெரியாம நெஜத் தேங்காயவே கட்டி விட்டுட்டேன். பாவம், குனிஞ்சுக்கிட்டே நின்னுச்சு."

நாலைந்து பேர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், வேஷத் துணி வாடகைக்குத் தரும் கடையின் பெயரும் தெருவும் ஒருவர் வாயிலிருந்து வந்துவிட்டது. அடுத்த வாரத்துக்கு யார் வீட்டு அட்டை யாருக்கு என்பதும் முடிவாகிவிட்டது. மாவுக் கடை, டியூஷன், காய்ச்சலுக்கு மருத்துவர் எல்லாமே அந்த ஐந்து நிமிடத்தில் கைமாறின. தன் தோல்வியை முதலில் சொல்லிச் சிரித்தவர், உதவி கேட்க மற்றவர்களுக்கு வழிவிட்டார். மூடிக்கொண்டு நின்றிருந்தால் அவரவர் வீட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு அவரவர் தனியாகப் பசை தடவிக்கொண்டிருந்திருப்பார்கள்.

எல்லாச் சிரிப்பும் இந்த வகையில் சேராது. கனடாவின் உளவியலாளர் ராட் மார்ட்டின் தம் குழுவினரோடு 2003இல் நகைச்சுவையை நான்கு பாணிகளாகப் பிரித்தார். மற்றவரோடு ஒட்டவைப்பது, தனக்குத் தெம்பூட்டிக்கொள்வது, பிறரைக் குத்துவது, தன்னையே தாழ்த்திக்கொள்வது. கடைசிப் பாணியில் பழகியவர்களிடம் மனச்சோர்வும் தன்மதிப்புக் குறைவும் கூடுதலாகக் காணப்பட்டன. தாய்மாரின் நகைச்சுவையில் இந்தக் கோடு மெல்லியது. இன்றைக்கு எல்லாமே சொதப்பல் என்று சொல்வதற்கும், நானே ஒரு சொதப்பல் என்று சொல்வதற்கும் நடுவே அது ஓடுகிறது. முதல் பேச்சு வேலையைப் பற்றியது, தோழிகள் சேர்ந்து சிரிக்கலாம். இரண்டாவது பேச்சைக் கேட்டால் சிரிக்காமல் அருகில் உட்கார்ந்து என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு வேடிக்கைப் பேச்சாகவும் வெளிப்படலாம். சுற்றியிருப்பவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். 

யார் சொல்லும் நகைச்சுவை என்பதும் முக்கியம். நம் வார இதழ்களில் பல்லாண்டுகள் ஓடிய பூரிக்கட்டை ஜோக்குகளில் பெண் பேசுபொருள். சொல்கிறவன் கணவன். அங்கே வீட்டுவேலை என்பது மனைவியின் கோபத்துக்கான பின்னணித் திரை, அதை யார் செய்கிறார்கள் என்ற கேள்வியே எழாது. தாயே சொல்லும் நகைச்சுவையில் வேலை முன்னுக்கு வந்துவிடும். 

ஆனால் தாய்மார் சொல்லும் நகைச்சுவையிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஒன்றும் தெரியாத அப்பா. ஜாக்சனின் பக்கங்களிலும் சரி, இன்று கைபேசியில் ஓடும் குறும்படங்களிலும் சரி, அவர் ஒருவரே. பிள்ளையின் வகுப்புப் பிரிவு தெரியாது, டயப்பரைத் திருப்பி மாட்டுவார், பால் பவுடர் எங்கே என்று அலமாரியின் முன் நின்றுகொண்டே கேட்பார். எல்லாரும் சிரிக்கிறோம். சிரித்துச் சிரித்தே அவருக்கு விலக்கு அளித்துவிடுகிறோம். தெரியாதவரிடம் யார் வேலை கொடுப்பார்கள்?

இந்த ஓட்டையைச் சிரிப்பாலேயே அடைத்த ஒருவரும் இருக்கிறார். எம்மா என்ற பெயரில் வரையும் பிரெஞ்சுப் பெண் 2017இல் ஒரு சித்திரக்கதையை வெளியிட்டார். விருந்துக்கு அழைத்த வீட்டில், அடுப்பையும் பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் கவனித்துக்கொண்டிருக்கும் மனைவியின் கையை மீறிப் பாத்திரம் பொங்கி வழிகிறது. என்னிடம் கேட்டிருந்தால் உதவியிருப்பேனே என்கிறார் கணவர். கேட்க வேண்டும் என்று நினைவு வைத்துக்கொள்வதே ஒரு வேலை என்பதை எம்மா அங்கே பிடித்துவிடுகிறார். பல மொழிகளில் அது வேகமாகப் பரவியது. அலிசன் டேமிங்கர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதியரிடம் பேசி 2019இல் வெளியிட்ட ஆய்வு இந்த மூளை வேலையை நான்காகப் பகுத்தது: வரப்போவதை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் கணவர்களும் ஓரளவு பங்கெடுத்தார்கள். முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் மனைவிமார் மேலேயே விழுந்தன. ஒன்பதரை மணிக்குத் தென்னை மரம் என்று கேட்டதும் யார் முகம் மாறுகிறது என்று பார்த்தால் போதும்.

இந்தியாவில் இந்த உழைப்பை அரசு நாடளவில் அளக்கத் தொடங்கியது 2019இல். அந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார், ஆண் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தார்கள். பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. ஐந்தாண்டில் பெண்ணின் பாரம் பத்து நிமிடம் இறங்கியது. அதை ஆண் ஏற்றுக்கொள்ளவில்லை, அவர் பங்கும் ஒன்பது நிமிடம் இறங்கிவிட்டது. அதற்கும் முன்பு, 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டுவேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்கள், கைதிகள் ஆகியோரோடு சேர்த்து உழைக்காதவர்கள் பட்டியலில் வைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் 2010இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கின் தீர்ப்பில் இதைக் கண்டித்தது. ஜாக்சனுக்குப் படிவத்தில் ஒரு கட்டமாவது கிடைத்தது.

மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, ஊதியத்தோடு 26 வார விடுப்பு வந்தது. பெரிய முன்னேற்றம் அது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நாளுக்கு நான்கு முறை காப்பகத்துக்குப் போய்க் குழந்தையைப் பார்த்துவர ஊழியரை அனுமதிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த அனுமதி பெண்ணுக்கு மட்டும். அதே நிறுவனத்தில், அடுத்த மேசையில், அந்தக் குழந்தையின் அப்பா உட்கார்ந்திருந்தாலும் அந்த விதியில் அவர் இல்லை. பால் பவுடர் எங்கே என்று தெரியாத அப்பாவைப் பற்றி நம் தாய்மார் இத்தனை காலம் எழுதியாயிற்று. அவருக்கு அது தெரிய வேண்டாம் என்று எழுதிவைத்திருக்கும் சட்டத்தைப் பற்றியும் அவர்கள் எழுத வேண்டும், அதே சிரிப்போடு.